மண்வெட்டி பிடிக்கும் கொக்கி

மண்வெட்டி இரண்டு கை கேட்கும் கருவி. ஒரு கை பிடியின் நுனியைப் பற்றித் திசை காட்டும்; மற்றது பிடியின் மேல் வழுக்கி ஏறியும் இறங்கியும் பாரத்தைத் தூக்கும். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வில்கமுவவில் வரம்பு கட்டுகிற ஒருவர் முழங்கைக்குக் கீழே ஒரு கையை இழந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எப்படிப்பட்ட கையைக் கொடுத்தால் அவர் அடுத்த பெரும்போகத்தில் மறுபடி வயலில் இறங்குவார்? மின்சாரத்தில் விரல் மடக்கும் இயந்திரக் கைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படிக்கிறோம். அவை அற்புதமானவைதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அவை விடை அல்ல. 1912இல் காப்புரிமை பெற்ற, பார்வைக்கு எந்த அழகும் இல்லாத ஓர் உலோகக் கொக்கிதான் இன்றைக்கும் விடை என்பது என் கட்சி.

வில்கமுவ மகாவலியின் மேற்குப் பக்கத்தில் நெல்லும் மரக்கறியும் விளைகிற பிரதேசம். கடைத்தெருவுக்கு ஹெட்டிபொல. வடக்கே வஸ்கமுவ தேசியப் பூங்கா. மகாவலித் திட்டத்தால் காடிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1984இல் அறிவிக்கப்பட்டது. பூங்காவின் எல்லை யானைக்குத் தெரியாது. ஆகவே கை போவதற்கான வழிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. யானையை விரட்ட வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடி தீபாவளிப் பட்டாசு அல்ல. திரி பற்றியதும் வீசிவிட வேண்டும், கொஞ்சம் பிந்தினால் விரல்கள் இராது. காட்டுப்பன்றிக்காகத் தீனிக்குள் பொதிந்து வைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ சட்டவிரோதமானது. கட்டுகிறவரின் கையிலேயே வெடிக்கக்கூடியது. வேலிக்குக் களவாக இழுத்த மின்சாரம் கையில் பாய்ந்தால் தோலில் சிறு காயம்தான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். கடைசியில் கையை எடுக்க வேண்டி வரும். சூடடிக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் கதிரோடு சேர்ந்து கையும் போவது எல்லா நெல் நாட்டுக்கும் பொதுவான கதை.

செயற்கைக் கை என்று நாம் சொல்வது பல துண்டுகளின் கூட்டு. கையின் மிச்சத்தைக் கவ்வி உட்காரும் குழி ஒன்று. அதன் முனையில் மணிக்கட்டுப் பூட்டு. முதுகில் எட்டு வடிவத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டை. பட்டையிலிருந்து கை வழியாக இறங்கும் கம்பி. இத்தனையும் இருப்பது கடைசித் துண்டுக்காக. பொருளைத் தொடுவது அது மட்டுந்தான். அதற்கு முனைக் கருவி என்று பெயர். அது ஐந்து விரல் கையாக இருக்கலாம், கொக்கியாக இருக்கலாம், வெறும் வளையமாகவும் இருக்கலாம்.

கம்பி, சைக்கிள் பிரேக்கில் உள்ள அதே வகை: உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பி. அதை இழுப்பது தோள். பட்டையின் ஒரு வளையம் நல்ல கையின் அக்குளைச் சுற்றி வருகிறது. இழந்த கையை முன்னே நீட்டினாலும் சரி, இரண்டு தோள்பட்டைகளையும் முன்புறம் குவித்தாலும் சரி, அந்த வளையத்துக்கும் கருவிக்கும் இடையிலுள்ள தூரம் கூடும், கம்பி இழுபடும். முழங்கைக்குக் கீழே போன கைக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் இழுவை கிடைத்தால் போதும், கொக்கி வாய் முழுவதும் திறந்துவிடும். பற்றரி இல்லை, மோட்டார் இல்லை.

கொக்கியைச் செய்தவர் டேவிட் டொரன்ஸ் என்ற அமெரிக்கர். 1909இல் மர ஆலை விபத்தில் வலது கையை இழந்தவர். அன்று கடையில் கிடைத்த கைகள் அவருக்கு உதவவில்லை. தனக்குத் தேவையானதைத் தானே செய்தார். கையிழந்த ஒருவர் தனக்காகச் செய்தது என்பது அந்தக் கருவியின் ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது.

அதைக் கையில் எடுத்துப் பார்ப்போம். இரண்டு வளைந்த உலோக விரல்கள். ஒன்று அசையாது, அடியிலுள்ள திருகுத் தண்டோடு ஒன்றானது. மற்றது சிறிய அச்சில் சுழலும். அசையும் விரலின் பக்கவாட்டில் கட்டைவிரல்போல் ஒரு புடைப்பு நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் முனை அங்கே மாட்டும். விரல்களின் அடிக்கழுத்தைச் சுற்றி றப்பர் வளையங்கள். துணிக் கவ்வியின் சுருளைப்போல இவைதான் வாயை மூடியே வைத்திருக்கின்றன. கம்பியை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். விரல்களின் உட்புறம் வழுக்காதிருக்க மெல்லிய றப்பர் பூச்சு. நுனிகள் நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வு அலங்காரத்துக்கு அல்ல. உலோகத்துக்குத் தொடுவுணர்வு கிடையாது, ஆகவே பிடிக்கப்போகும் பொருளைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். சாய்ந்த நுனி கண்ணுக்குக் குறுக்கே வராது. மேசையில் கிடக்கும் ஆணியை, ஒற்றைத் தாளை, சட்டைப் பொத்தானை எடுப்பது இந்த நுனிதான். வாளியைத் தூக்குவதோ நுனி அல்ல, வளைவு. அங்கே பிடிக்கும் சக்தியே தேவையில்லை, பாரம் தானாகத் தொங்குகிறது.

றப்பர் வளையத்தில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. ஒரு வளையம் நுனியில் ஏறத்தாழ அரைக் கிலோ அழுத்தம் தரும். இரண்டு மூன்று போட்டால் வீட்டு வேலைக்குப் போதும். வயல் வேலைக்கு ஐந்தாறு வேண்டியிருக்கும். ஆனால் போட்ட ஒவ்வொரு வளையத்தையும், வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், தோள்தான் எதிர்த்து இழுக்கவேண்டும். பிடி கூடக் கூட அக்குளில் பட்டை அறுக்கும். அதனால் புதிதாக மாட்டியவருக்கு ஒரு வளையத்தில் தொடங்கி, தோள் பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள். வெயிலிலும் எண்ணெயிலும் றப்பர் இற்றுப்போகும், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பிரேசிலிலிருந்து போன விதைகள் 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் மரமான நாடு நம்முடையது, றப்பருக்குக் குறைவில்லை. அவசரத்துக்குச் சைக்கிள் ரியூபை வளையமாக நறுக்கிப் போட்டாலும் கொக்கி வேலை செய்யும். இப்படி ஒட்டுப்போட இடங்கொடுக்கும் உறுப்பு மருத்துவ உலகில் வேறு எது?

டொரன்ஸ் கொக்கிக்கு ஒரு குறை உண்டு. அதன் பிடி எப்போதும் ஒரே அளவு. பழுத்த தக்காளியைப் பிடிக்க வேண்டுமானால் கம்பியைப் பாதி இழுத்தபடியே இருந்து றப்பரை அடக்கவேண்டும். இதைத் தலைகீழாக்கிய வகையும் இருக்கிறது: சும்மா இருக்கையில் வாய் திறந்திருக்கும், இழுத்தால் மூடும், எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். தோளில் தெரியும் இழுவையே பிடியின் அளவைச் சொல்லிவிடும். நம் நரம்பு கம்பி வழியாகக் கருவியின் நுனிவரை போய்விட்டதைப்போல உணர்வதாகப் பழகியவர்கள் சொல்கிறார்கள். இந்த வகையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த பொப் ரடோசி. அவரும் ஒரு கை இழந்தவர். 2016இல் சூரிச்சில் நடந்த சைபத்லோன் போட்டியில், மின்சாரக் கைகளோடு வந்தவர்களுக்கு நடுவே, கம்பியால் இழுக்கும் தன் கவ்வியோடு களமிறங்கினார். துணி காயப்போடுவது, காலையுணவு தயாரிப்பது போன்ற அன்றாட வேலைகள்தான் போட்டி. முதலிடம் ரடோசிக்கு. மின்சாரக் கைக்காரர்கள் அன்று என்ன நினைத்தார்களோ!

ஐந்து விரல் கை ஏன் பின்தங்குகிறது? கம்பியால் இழுக்கும் ஐந்து விரல் கைகளும் உண்டு. தோலைப்போன்ற உறை அவற்றை மூடியிருக்கும். விரல் மடங்கும்போதெல்லாம் அந்த உறையும் மடங்கவேண்டும், விரியவேண்டும். தோள் கொடுக்கும் சக்தியில் பெரும்பங்கு உறையை வளைப்பதிலும் உள்ளேயுள்ள உராய்விலும் செலவாகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். அதே அளவு பிடிக்கு, கை வடிவக் கருவிகள் கொக்கிகளைவிட மிக அதிக இழுவையைக் கேட்டன. எடையும் கூட. அலுமினியக் கொக்கி நூறு கிராமுக்குச் சற்று மேல். எஃகுக் கொக்கி அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மோட்டார் வைத்த கை அரைக் கிலோ அளவில் நிற்கும். நம் சொந்தக் கையும் அந்த எடைதானே என்று கேட்கலாம். அது எலும்பிலும் தசையிலும் கோத்திருக்கிறது. இது வியர்த்த தோலில், குழியில் தொங்குகிறது. நெம்புகோலின் கடைசி நுனியில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் நாள் முடிவில் கணக்குக் கேட்கும்.

மின்சாரக் கையைத் தசைதான் இயக்குகிறது. மிச்சமிருக்கும் முன்கையில் தசை இறுகும்போது எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைத் தோலின் மேல் வைத்த மின்வாய்கள் பிடித்து மோட்டாருக்குச் சொல்கின்றன. 1960 வாக்கில் மொஸ்கோவில் இதைச் செய்து காட்டினார்கள். ஐந்து விரலும் தனித்தனி மோட்டாரில் அசையும் ‘ஐ-லிம்ப்’ 2007இல் சந்தைக்கு வந்தது. அலுவலகத்தில் இருப்பவருக்கு, குறிப்பாகப் பட்டையின் தொல்லை பிடிக்காதவருக்கு, இது நல்ல கை. வில்கமுவவின் சிறுபோக வெயிலில் மின்வாய்க்கடியில் வியர்வை ஓடும். சேறு, வைக்கோல் தூசு, வாய்க்கால் தண்ணீர். பழுதானால் திருத்துகிறவர் ஹெட்டிபொலவில் இல்லை. கொக்கியையோ வேலை முடிந்ததும் வாய்க்காலில் கழுவி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் முடிந்தது.

ஆனாலும் கல்யாண வீட்டுக்குக் கொக்கியோடு போக நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்? பார்வைக்கென்றே செய்த, அசையாத கை இதற்காகத்தான். அதை ஏளனம் செய்கிற பொறியியலாளர்கள் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இலேசானது, தாளை அழுத்திப் பிடிக்கும், சட்டைக் கையை நிரப்பும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்ளும். அதன் பிளாஸ்திக் உறையில் மஞ்சளும் மையும் பட்டால் போகாது என்பதை மட்டும் விருந்தில் நினைவில் வைத்திருக்கவேண்டும். கொக்கியோடே கல்யாணத்துக்குப் போன ஒருவரையும் சொல்லவேண்டும். ஹரோல்ட் ரஸ்ஸல் அமெரிக்கப் படைவீரர். 1944இல் பயிற்சியின்போது வெடிமருந்து வெடித்து இரு கைகளையும் இழந்தவர். இரண்டு கொக்கிகளோடு 1946இல் ஒரு ஹொலிவூட் படத்தில் நடித்தார். தீக்குச்சி உரசுகிறார், பியானோ வாசிக்கிறார், மணமகளின் விரலில் மோதிரம் போடுகிறார். தந்திரக் காட்சி எதுவும் இல்லை. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு ஒஸ்கார் விருது வாங்கிய நடிகர் அவர்.

இரு கைகளோடு கண்ணும் போனவருக்குக் கொக்கியும் உதவாது, பார்த்துப் பிடிக்கவேண்டிய கருவி அல்லவா? ஹெர்மன் குருக்கன்பேர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் 1917இல் எழுதிய முறை அவர்களுக்கானது. முன்கையின் இரண்டு எலும்புகளையும் பிரித்து, தசையோடும் தோலோடும் இடுக்கியாக்கிவிடுவார்கள். பார்ப்பவருக்கு அதிர்ச்சி தரும். ஆனால் சொந்தத் தோலாலேயே தொட்டறிய முடியும். வேறெந்த முனைக் கருவியாலும் அது முடியாது.

மண்வெட்டிக்கு வருவோம். சாதாரணக் கொக்கி அதன் பிடியைப் பற்றாது, வாய் போதாது. முதலாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான உழவர்கள் கையிழந்து திரும்பியபோது ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் பெரிதாக எழுந்தது. பிரான்சில் ஜூல் அமார் தொழிலாளியின் கை என்றே ஒன்றை வடிவமைத்தார். கைபோல் தெரியவேண்டும் என்ற கவலையை விட்டுவிட்டு, வேலைக்கேற்ற கவ்விகளை மாட்டும் கை. ஜெர்மனியில் கெல்லர் என்ற விவசாயி செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். கை இழந்தவர்; வளைந்த உலோக நகங்களையும் ஒரு தோல் வாரையும் சேர்த்து, மண்வாரியின் பிடியை நகங்களுக்குள் செருகி வாரால் அணைத்துக்கொள்ளும்படி தனக்கென்று செய்துகொண்டார். எந்தப் பேராசிரியரும் வரைந்த படம் அல்ல அது. போர்க்காலத்தில் வைத்தியர்கள் அதைப் பார்த்து மற்ற உழவர்களுக்கும் பரிந்துரைத்தார்கள். டொரன்ஸின் நிறுவனமும் பிற்பாடு உழவருக்கும் தச்சருக்கும் என்று 7ஆம் எண் எஃகுக் கொக்கியைக் கொண்டுவந்தது. கனமானது, அகன்ற வாய், ஆணியையும் கத்தியையும் உளியையும் பற்ற விரல்களுக்கிடையே தனித்தனிப் பள்ளங்கள்.

மண்வெட்டிக்கான கருவி பிடியை இறுக்கிப் பிடிக்கவே கூடாது என்பது கவனிக்கவேண்டியது. இறுகப் பிடித்திருக்கையில் தகடு கல்லில் மோதினால் அதிர்ச்சி முழுவதும் குழி வழியாக வெட்டுத் தழும்பில் இறங்கும். பிடியின் மேல் தாராளமாக ஓடுகிற, எப்பக்கமும் சற்றுத் திரும்புகிற ஒரு வளையம் போதும். தூக்கும்போது அது தாங்கும், குத்தும்போது வழுக்கும். அரிவாளுக்குத் தனிக் கருவி தேவையா என்று பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பேன். இப்போது பெரும்பாலான வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது. லாண்ட் மாஸ்டர் வேறு விஷயம். அந்த இருசக்கர உழவு இயந்திரத்தின் இரு பிடிகளுக்கு அடியிலும் திருப்புகிற கிளச் நெம்புகள் உள்ளன. இடப்பக்கம் திரும்ப இடது நெம்பை அழுத்தவேண்டும். றப்பரால் மூடும் கொக்கிக்கு விரும்பிய அளவு அழுத்தத் தெரியாது. ஆனால் வளைவை நெம்பின் மேல் மாட்டி, முழுக் கையாலும் இழுத்தால் நெம்பு வரும். மோட்டார் சைக்கிளில் கொக்கியை மாட்டிக்கொள்வது ஆபத்து: விழும்போது கை விடுபடாது. அதற்குக் கிண்ணம் போன்ற, மேலே வைத்து அழுத்தும் கருவிதான் சரி.

ஆக, வில்கமுவக்காரருக்கு ஒரு கை அல்ல, ஒரு குழியும் மூன்று முனைகளும் வேண்டும்: அன்றாடத்துக்குக் கொக்கி, வயலுக்கு வளையம், ஹெட்டிபொல பஸ்ஸுக்கு அசையாத கை. மணிக்கட்டில் திருகிக் கழற்றி மாற்றலாம். இங்கே ஒரு அற்பமான தடை காத்திருக்கிறது. அமெரிக்கக் கருவிகளின் தண்டு அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. ஐரோப்பியக் கருவிகளுடையது 12 மில்லிமீற்றர், புரி இடைவெளி ஒன்றரை மில்லிமீற்றர். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒன்றில் மற்றது ஏறாது. நன்கொடையாக வருகிற பெட்டியில் இரண்டும் கலந்து கிடந்தால் பாதிக் கருவிகள் அலுமாரியிலேயே தங்கிவிடும்.

இலங்கையில் செயற்கை அவயவம் என்றாலே கால்தான். 1831இல் தொடங்கிய கொழும்பு பிரண்ட்-இன்-நீட் சங்கம் 1985இல் ஜெய்ப்பூர்க் கால் செய்யத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் ஒரு ஜெய்ப்பூர் நிலையம் அந்தப் பத்தாண்டிலேயே வந்தது. கண்ணிவெடி பெரும்பாலும் காலையே எடுத்தது, நீரிழிவும் காலையே எடுக்கிறது. தொழில் தெரிந்தவர்களின் கைப்பழக்கமும் காலிலேயே வளர்ந்தது. 2004இல் ராகமையில் செயற்கை அவயவத் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கிய பிறகு பயிற்சி பெற்றவர்கள் கிடைக்கிறார்கள். கை கேட்டு வருகிறவர்களோ எப்போதும் சிலர்தான். காலுக்கு நடந்து பார்த்தால் பயிற்சி பாதி முடிந்தது. கைக்கு அப்படியல்ல: வாரக்கணக்கில் மூடியைத் திறந்து, கயிற்றை முடிந்து, தேங்காயைப் பிடித்துத் துருவிப் பழகவேண்டும். அதற்கு வில்கமுவவிலிருந்து நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நிற்பது எளிதல்ல.

கை கிடைத்தவர்கள் எல்லாரும் மாட்டுவதுமில்லை. 2007இல் கனடாவைச் சேர்ந்த பிடிஸ்ஸும் சாவும் 25 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பெரியவர்களில் கம்பி இழுக்கும் கையைக் கைவிட்டவர்கள் சராசரி 26 சதவீதம், மின்சாரக் கையைக் கைவிட்டவர்கள் 23 சதவீதம். பிள்ளைகளில் 45, 35. இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசமில்லை. காலத்துக்குத்தான் வித்தியாசம் பெரிது. அமெரிக்காவில் மலோனும் கூட்டாளிகளும் 1984இல் வெளியிட்ட கணக்குப்படி, கை போய் 30 நாளுக்குள் செயற்கைக் கை மாட்டியவர்களில் 93 சதவீதத்தினர் அதைப் பழகிக்கொண்டார்கள். பிந்தியவர்களில் 42 சதவீதத்தினர் மட்டும். காரணம் எளிது. மிஞ்சிய கை சும்மா இருக்காது. பல்லால் கயிற்றை முடிவது, முழங்காலுக்கு நடுவே போத்தலை இறுக்கித் திறப்பது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். அதன் பிறகு வரும் கை வேண்டாத விருந்தாளி.

அப்படியானால் காயம் ஆறும்போதே அளவெடுக்கப் போவது நல்லது. போகும்போது மண்வெட்டிப் பிடியையும் கையோடு கொண்டுபோகலாம். அதன் சுற்றளவைப் பார்த்துத்தான் வளையம் வளைக்கவேண்டும். வீட்டுக்கு வீடு பிடியின் தடிப்பு வேறு; கடையில் வாங்கியது ஒரு அளவு, காட்டுக் கம்பைச் சீவிப் போட்டது வேறு அளவு. மாட்டி முடிந்ததும் பட்டறை முற்றத்தில் ஒரு முழ வரம்பு வெட்டிப் பார்த்து, அக்குளில் பட்டை எங்கே அறுக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டால், ஒரு பயணம் மிச்சம்.